பதினேழு பொட்டலங்கள்

உ
அண்ணாமலையார் துணை

பே கோபுரத் தெரு,
திருவண்ணாமலை,
13.11.2000

அன்புத் தம்பி இளஞ்செழியனுக்கு அக்கா திரௌபதி எழுதுவது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் நம் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, நான், உன் மாமா, எங்கள் மகள் எழிலரசி. பெண் வீட்டிலிருந்து பெண்ணின் அப்பா ஆதிமூலம், அவர் சம்சாரம், அவர் தம்பி, தம்பி சம்சாரம், உறவு என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பெரியவர், ஆட்டோக்காரர். ஆகப் பத்துப் பேர். ஆட்டோக்காரரை ஏன் சேர்த்தேன் என்றால் அவரும் உள்ளே வந்து கேசரி சாப்பிட்டார், கேள்வியும் கேட்டார். இல்லாதவன் நீ ஒருவன்தான்.

உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னபோது யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் கம்பெனியில் லீவு கிடைக்காமல் இருப்பதே ஒரு மரியாதை போலத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆட்டோக்காரர் மட்டும், ஞாயிற்றுக்கிழமை கூடச் செய்கிற அத்தனை காரையும் யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. தெரிந்தால் எழுது.

வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பெண் கவிநிலாவுக்கு உன்னைப் பிடித்ததாகவும் அவள் அம்மா சொன்னாள். எல்லாம் பேசி முடித்து வெற்றிலை எடுக்கிற நேரத்தில் ஆதிமூலம் என்னைப் பார்த்து, "மாப்பிள கம்பெனியில சங்கம் கிங்கம்னு எதுவும் இல்லியே?" என்றார். குடும்பத்தில் யாருக்காவது காக்காய் வலிப்பு உண்டா என்று கேட்பார்களே, அந்தக் குரல்.

உன் மாமா சிரித்துவிட்டார். "எங்க டிப்போவுல ஒம்பது சங்கம் இருக்குதுங்க. ஒண்ணுலயும் சேராத கண்டக்டரப் பார்த்தாதான் எங்களுக்கு பயம்" என்றார். ஆதிமூலம் சிரிக்கவில்லை. நான் அவசரப்பட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

தெரியாத விஷயத்துக்குத் தெரிந்த மாதிரி பதில் சொல்லிவிட்டேன். அதிலிருந்து மனசு குடைகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். எழிலரசியின் குடிமையியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தொழிற்சங்கம் என்று நாலு வரி இருக்கிறது. அது எதற்கு என்று இருக்கிறதே தவிர, அதைக் கண்டு ஒரு பெண்ணின் அப்பா ஏன் பயப்பட வேண்டும் என்று இல்லை. உங்கள் கம்பெனியில் உண்டா, இல்லையா? இல்லை என்றால் ஏன் இல்லை? மாமாவுக்கு ஒன்பது இருக்கும்போது உங்களுக்கு ஒன்று கூடவா வேண்டாம்? நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்றும் எழுது. கார் செய்கிறான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

அம்மா சௌக்கியம். மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி பாய்ச்சியாகிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

உன் அக்கா,
திரௌபதி


வாலாஜாபாத்,
26.11.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. காரை யார் வாங்குகிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. மூன்று வருஷமாக நான் ஒரு காரில் உட்கார்ந்தது கூட இல்லை.

ஊரில் நீ சொல்லிவைத்திருப்பதைக் கொஞ்சம் திருத்திக்கொள். நான் கார் செய்யவில்லை. இடது பக்க முன்கதவு செய்கிறேன். கதவும் இல்லை, கதவைச் சுற்றி ஓடுகிற கறுப்பு ரப்பர் இருக்கிறதே, அதை ஒட்டி அழுத்துகிறேன். கட்டைவிரல்தான் ஆயுதம். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு வண்டி நகர்ந்து வரும். நான் அதனோடு நாலு அடி நடப்பேன், அழுத்தி முடிப்பேன், திரும்பி வருவேன். அடுத்தது நிற்கும். அவ்வளவுதான் உன் தம்பியின் உத்தியோகம்.

ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் கை தூக்க வேண்டும். மாற்றாள் வந்து நம் இடத்தில் நின்றால்தான் போகலாம். முப்பது பேருக்கு ஒரு மாற்றாள். போன வாரம் இளவரசன் என்று எங்கள் லைன் பையன் கை தூக்கினான். இருபத்தாறு வண்டி போயிற்று. அதற்கப்புறம் அவன் கையை இறக்கிவிட்டான். மீதியை உனக்கு எழுத மாட்டேன்.

சங்கம் இல்லை. அதற்குப் பதிலாகத் தொழிலாளர் குழு என்று ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கம்பெனியே பொறுக்கி எடுத்தது. மாசம் ஒரு தடவை கூடி, சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த நாள் சாம்பார் கெட்டியாக இருக்கும். உண்மையாகவே இருக்கும், கேலி செய்யவில்லை. வேகம் ஜாஸ்தி என்று எழுதினால் மட்டும் பதில் வராது.

பர்சனல் ஆபீசர் நல்லவிதமாகத்தான் பேசுவார். "நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள வெளி ஆளு எதுக்கு?" என்பார். ஷூ, யூனிபார்ம், பஸ், சாப்பாடு எல்லாம் அவர்கள் கொடுப்பதுதான். கீழ்பென்னாத்தூரில் என் வயசுக்காரன் எவனுக்கும் இது இல்லை. சங்கம் வைத்த ஆலைகள் பூட்டிக் கிடப்பதையும் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். இன்னொரு பக்கம் என் ரூமில் இருக்கிற ரபீக், ஆரணிக்காரன், தினம் சோறு வடிக்கும்போது சங்கம் வேண்டும் என்று பேசுகிறான். அவன் பேசும்போது அவன் சொல்வது சரி. ஆபீசர் பேசும்போது அவர் சொல்வது சரி. மூன்று வருஷமாகியும் நாங்கள் பாதிப் பேர் இன்னும் டிரெய்னிதான், அதில் நானும் ஒருவன். அதனால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

ஆதிமூலத்துக்கு நீ சொன்ன பதில் பொய் இல்லை. இன்றைய தேதிக்கு எதுவும் இல்லை.

அன்புடன்,
செழியன்


உ
அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை,
4.12.2000

அன்புத் தம்பிக்கு,

ஒன்றரை நிமிஷம் என்று எழுதியிருந்தாய். அது எவ்வளவு நேரம் என்று எனக்குப் பிடிபடவில்லை. தீபத்துக்குத் திரி திரிக்க வேண்டியிருந்தது. எழிலரசியின் கைக்கடிகாரத்தை வாங்கி எதிரே வைத்துக்கொண்டேன். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு திரி, முன்னாலும் முடிக்கக் கூடாது, பின்னாலும் முடிக்கக் கூடாது, ஒரு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். முதல் பத்துத் திரி விளையாட்டாக இருந்தது. இருபதாவதில் பால்காரர் கூப்பிட்டார், எழுந்திருக்கவில்லை. முப்பதாவது திரிக்கு மேல் திரியைத் தவிர உலகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, அண்ணாமலையார் பெயர் கூட வாயில் வரவில்லை. நாற்பதாவது முடித்து எழுந்தபோது கட்டைவிரலை மடக்க முடியவில்லை. உனக்கு இந்த மாதிரி எட்டு மணி நேரம். எனக்கு இப்போது கொஞ்சம் தெரிகிறது. முழுசாகத் தெரியாது, ஏனென்றால் வேண்டாம் என்றால் நான் எழுந்து போகலாம்.

குடும்பம் என்று உங்கள் ஆபீசர் சொன்னதையும் யோசித்தேன். நம் வீட்டில் உன் மாமாவும் ஒரு குழுவில் இருக்கிறார், அவரையும் நான்தான் பொறுக்கி எடுத்தேன். ஆனால் எழிலரசி கொல்லைப் பக்கம் போக என்னிடம் கை தூக்குவதில்லை.

ஆதிமூலத்தை நேரிலேயே கேட்டுவிடுவது என்று வெள்ளிக்கிழமை பூ வாங்கப் போன வழியில் வேங்கிக்கால் போனேன். அவர் புது வீட்டில் இன்னும் சுண்ணாம்பு வாசம் போகவில்லை. "ஏங்க, சங்கம்னா உங்களுக்கு ஏன் ஆகாது?" என்று கேட்டேன். சம்பந்தி வீட்டுப் பொம்பளை இப்படிக் கேட்பாள் என்று அவர் நினைக்கவில்லை. முதலில் தண்ணி கொடுத்தார். அப்புறம் சொன்னார். அவரும் ஒரு நூல் மில்லில் சங்கத்தில் இருந்தவராம், பொருளாளராகவே இருந்தாராம். ஸ்டிரைக் பண்ணினார்கள். மில்லை மூடிவிட்டார்கள். பதினாலு மாசம் மில் கேட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாராம். "நாங்க கேட்டது தப்பில்லம்மா. ஆனா கேட்டப்புறம் கேக்கறதுக்கு மில்லே இல்ல" என்றார். கவிநிலா அப்போது கைக்குழந்தை.

அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ரபீக் சொல்வதும் புரிகிறது. கேட்டால் வேலையே போகலாம், கேட்காவிட்டால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கலாம். கேட்டும் போகாமல் இருக்க ஒரு வழி எங்காவது உண்டா? மாமா டிப்போவில் எப்படி முடிந்தது? அரசாங்கம் என்பதாலா? ரபீக்கிடம் கேட்டு எழுது. உன் பதிலும் எனக்கு வேண்டும். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன் என்பது பதில் இல்லை.

தீபம் முடிந்ததும் பொரி உருண்டையும் பிரசாதமும் அனுப்புகிறேன்.

அக்கா


வாலாஜாபாத்,
22.12.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய பார்சல் ரூமுக்கு வந்த நேரம் நாங்கள் ஷிப்டில் இருந்தோம். தபால்காரர் எதிரில் இருக்கிற டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டீக்கடைக்காரர் விபூதிப் பிரசாதத்தைத் தான் வைத்துக்கொண்டு, பொரி உருண்டையைக் கண்ணாடி ஜாடியில் போட்டு விற்றுவிட்டார். நான் போய்க் கேட்டபோது, "ஊர்ல இருந்து வந்ததா? நல்லா இருந்துச்சிப்பா, எல்லாரும் கேக்கறாங்க" என்றார். நம் பொரி உருண்டையில் இரண்டை விலைக்கு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ திரி திரித்த கதையை ரபீக்குக்குப் படித்துக் காட்டினேன். அவன் அதை அடுத்த நாள் லைனில் இளவரசனிடம் சொல்லியிருக்கிறான். இப்போது நாற்பது திரி அக்கா என்றுதான் எல்லோரும் உன்னைச் சொல்கிறார்கள்.

நீ பதில் கேட்டாய். கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்னோடு சேர்த்துப் பதினேழு பேர். ஏழு பேர் இருந்தாலே பதிவுக்கு மனு கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம். ஆனால் குறைந்தது ஐம்பது பேர் சேர்ந்த பிறகு, பொங்கல் முடிந்து கொடுப்பதாக இருக்கிறோம். பதினேழு பேரை வெளியே தள்ளுவது சுலபம், ஐம்பது பேரைத் தள்ளினால் லைன் நின்றுவிடும். நீ கேட்டாயே ஒரு வழி உண்டா என்று, ரபீக்குக்குத் தெரிந்த வழி இதுதான். அதுவரை யார் யார் என்று ஒரு ஈக்குக் கூடத் தெரியக் கூடாது. மாமாவிடம் சொல்லாதே. அவரிடம் சொன்னால் வேலூர் போவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக லைனில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவன் யார் என்று தெரிகிறது.

செழியன்


உ
அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை,
27.12.2000

அன்புத் தம்பிக்கு,

படித்தேன். மாமாவிடம் மூச்சு விடவில்லை. கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் செய்துவிட்டீர்கள், இனி நல்லபடி நடக்க வேண்டும். அதற்கு என்னால் முடிந்தது ஒன்றுதான். பதினேழு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்யப் போகிறேன். பொதுவாக 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்று சொன்னால் எனக்குத் திருப்தி இருக்காது. ஒவ்வொருவர் பெயரும் நட்சத்திரமும் எழுதி அனுப்பு. ரபீக்குக்கு நட்சத்திரம் இருக்காது, தெரியும். அவன் அம்மாவிடம் எந்தக் கிழமை பிறந்தான் என்றாவது கேட்கச் சொல். அதுவும் தெரியாவிட்டால் சுவாமி பெயருக்குச் செய்கிறேன்.

அக்கா


வாலாஜாபாத்,
3.1.2001

அக்கா,

பெயரை எழுதுவது இல்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. இருந்தாலும் ரபீக்கைக் கேட்டேன். "அக்காதான? சாமிகிட்டத்தான சொல்லப் போறாங்க? குடுடா" என்றான். கோயிலுக்குள்ளே கம்பெனி ஆள் யாரும் இல்லை என்ற தைரியத்தில் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஆறு பேருக்கு நட்சத்திரம் தெரியவில்லை. அர்ஜுனன் மட்டும் ரோகிணி, இரண்டாம் பாதம், கடக லக்னம் என்று ஜாதகமே சொல்கிறான். அர்ச்சனை முடிந்ததும் தாளைக் கிழித்துவிடு.

செழியன்


உ
அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை,
9.1.2001

அன்புத் தம்பிக்கு,

அர்ச்சனை ஆயிற்று. பிரதோஷக் கூட்டத்தில் அத்தனை பெயர் சொல்ல விடமாட்டார்கள் என்று நேற்று திங்கட்கிழமை காலை நடை திறந்ததும் போனேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். நான் தாளைப் பிரித்தேன். ஒன்பதாவது பெயர் சொல்லும்போது நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, கல்யாண பஸ்ஸையே கூட்டிண்டு வந்திருக்கியா?" என்றார். எல்லாம் என் தம்பிகள் என்றேன். ரபீக் பெயரையும் தேவசகாயம் பெயரையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சுவாமி பேருக்கு இரண்டு என்று முடித்தேன். பின்னால் நின்ற ஆந்திராக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும்.

தாளைக் கிழித்துக் கிணற்றில் போட்டுவிட்டேன்.

விபூதியையும் குங்குமத்தையும் மொத்தமாக அனுப்பினால் யாராவது ஒருவனுக்கு இல்லாமல் போகும். அதனால் தனித்தனியாகப் பதினேழு பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கிறேன். ஒருவர் பெயருக்குச் செய்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரபீக் பொட்டலத்தில் கல்கண்டும் திராட்சையும் மட்டும். போன தடவை மாதிரி டீக்கடைக்காரர் கையில் போகாமல் இருக்க, உன் வேலை ஆர்டரில் இருந்த கம்பெனி விலாசத்துக்கே, உன் பெயர் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவ்வளவு பெரிய இடத்தில் கட்டாயம் கையில் கொடுப்பார்கள். பயப்படாதே, சங்கம் என்ற சொல்லை எங்கேயும் எழுதவில்லை. நான் என்ன விவரம் தெரியாதவளா?

பொங்கலுக்கு வருவாயா? ஆதிமூலம் தை கடைசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

அக்கா


வாலாஜாபாத்,
21.1.2001

அக்கா,

பார்சல் வந்தது. கேட்டில் வருகிற எதையும் செக்யூரிட்டி பிரித்துத்தான் உள்ளே விடுவார்கள். இதை உனக்கு நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

பெயிண்ட் ஷாப்பில் இரண்டு பேர், கதவு லைனில் ஒன்பது பேர், ஸ்டோரில் ஒருவன், இப்படி ஒட்டு உறவே இல்லாத பதினேழு பேருக்கு ஒரே ஊரிலிருந்து, ஒரே கையெழுத்தில் பிரசாதம் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பொங்கல் லீவு முடிகிற வரை ஒன்றும் பேசவில்லை. வியாழக்கிழமை ஒவ்வொருவராகப் பர்சனல் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி மேஜையில் ஆபீசர் பொட்டலங்களை வரிசையாக வைத்திருந்தார். கோபமே இல்லை. "உங்க பிரசாதம் வந்திருக்கு. உங்க பேர் போட்டத எடுத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான். ஆள் எடுக்கிறானா இல்லையா என்று பார்த்தார்.

முதலில் போனவன் அர்ஜுனன். "இது நான் இல்ல சார், வேற அர்ஜுனன்" என்றானாம். கம்பெனியிலேயே ஒரு அர்ஜுனன்தான். அவனோடு சேர்த்து ஆறு பேர் தங்கள் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்துப் பேர் எடுத்துக்கொண்டார்கள். ரபீக் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எங்க அக்கா அனுப்புனது சார்" என்றிருக்கிறான். அந்தப் பத்துப் பேரும் இப்போது கேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். வேலை திருப்தி இல்லை என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது.

என்னைக் கடைசியாகக் கூப்பிட்டார். நான் கை நீட்டுவதற்கு முன்னால் என் பொட்டலத்தை அவரே எடுத்து, அதன் மேல் ஒரு கவரை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். கவரில் நிரந்தர வேலைக்கான ஆர்டர். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "உங்க அக்காவுக்கு என் நன்றியச் சொல்லுங்க" என்றார்.

இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே ரபீக் ரூமைக் காலி செய்துவிட்டான். பெட்டியைக் கட்டும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

செழியன்


உ

திருவண்ணாமலை,
25.1.2001

தம்பி,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். இரண்டு நாளாக விளக்கு ஏற்றுகிறேனே தவிர சுவாமியிடம் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. யார் முகத்தைப் பார்த்துக் கேட்பது?

பொட்டலத்தின் மேல் பெயர் எழுதியது என் கை. எதையும் பெயர் போட்டுப் பிரித்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், உனக்குத் தெரியும். அந்தப் பழக்கம் பத்துப் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டது. மாமாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "கேட்டுல பிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியுமே, என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். திட்டியிருக்கலாம்.

அந்த ஆபீசர் உனக்கு ஏன் ஆர்டர் கொடுத்தார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. நீதான் காட்டிக் கொடுத்தாய் என்று மற்றவர்கள் நினைக்க வேண்டும், அதற்குத்தானே? பதினாறு பேருக்கும் நான் தனித்தனியாக எழுதுகிறேன். நடந்தது என் தவறு, அவன் மேல் சந்தேகம் வேண்டாம் என்று. விலாசம் அனுப்பு.

அக்கா


வாலாஜாபாத்,
31.1.2001

அக்கா,

விலாசம் எதுவும் அனுப்ப மாட்டேன். இனிமேல் யார் பெயரையும் நீ எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை.

கேட்டுக்கு எதிரில் ஷாமியானா போட்டுப் பத்துப் பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பெனி பஸ் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. முதல் நாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தப் பக்கத்தில் உட்காருவதில்லை. ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தால் நானும் அங்கே உட்காரலாம். கொடுக்காவிட்டால் கல்யாணம் நடக்கும், அம்மாவுக்கு நிம்மதி. நான் போய் உட்கார்ந்தாலும் உளவு பார்க்க வந்தான் என்றுதான் சொல்வார்கள். அதனால் விட்டுவிடு. ஆதிமூலத்திடம் வேலை நிரந்தரம் ஆகிவிட்டது என்று மட்டும் சொல். அது உண்மைதானே?

செழியன்


உ
அண்ணாமலையார் துணை

திருவண்ணாமலை,
5.2.2001

அன்புத் தம்பி இளஞ்செழியனுக்கு அக்கா எழுதுவது.

நேற்று ரபீக் நம் வீட்டுக்கு வந்திருந்தான். கூட இளவரசன். நான் இதுவரை அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை, பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். ரபீக்கை நல்ல உயரமாக நினைத்திருந்தேன், என் தோள் அளவுக்குத்தான் இருக்கிறான். இளவரசனுக்கு மீசை கூடச் சரியாக வரவில்லை. வாசலிலேயே நின்றார்கள். உள்ளே வரச் சொல்லி இட்லி வைத்தேன். இளவரசன் ஒன்பது சாப்பிட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், ரபீக் விடவில்லை.

"அக்கா, எங்களுக்கு உங்க மேல கோவம் இல்ல. செழியன் மேலயும் வேணாம்னுதான் பார்க்கறோம். முடியல" என்றான்.

வந்த விஷயம் இது. காஞ்சிபுரத்தில் தொழிலாளர் அலுவலர் முன்னால் விசாரணை நடக்கிறது. சங்கம் என்று ஒன்று பேசப்படுவதே எங்களுக்குத் தெரியாது, பார்சல் எதுவும் வரவில்லை, வேலை சரியில்லாததால் அனுப்பினோம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறதாம். பார்சல் வந்ததற்கு உங்களிடம் ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா அக்கா என்று கேட்டான். தபாலாபீசிலிருந்து திரும்பி வந்த ஒப்புதல் அட்டை இருந்தது. பன்னிரண்டாம் தேதி, கம்பெனி முத்திரை, கையெழுத்து. ரபீக் அதைத் தொட்டுக் கூடப் பார்க்கவில்லை. "நீங்களே கொண்டு வரணும் அக்கா. நாங்க குடுத்தா பொய்யின்னு சொல்வாங்க" என்றான்.

அந்த அலுவலர் எப்படி இருப்பார், எங்கே உட்கார வைப்பார், பொம்பளைகள் அங்கே வருவது உண்டா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உட்கார நாற்காலி போடுவார்களாம். இரண்டு பக்கத்தையும் எதிர் எதிரே வைத்துப் பேச வைப்பார்களாம். சங்கம் வேண்டும் வேண்டாம் என்று இத்தனை மாசமாக ஆளாளுக்குத் தனித்தனியாக எனக்குச் சொன்னதை ஒரே மேஜையில் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகக் கூட இருக்கிறது. உங்கள் ஆபீசர் அங்கேயும் குடும்பம் என்று சொல்வாரா?

ஆதிமூலத்திடம் நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்த முடியவில்லை, மீதியையும் சொல்லிவிட்டேன். மற்றவர் வாயால் கேட்பதை விட அது மேல். அவர் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. பேர் இல்லை என்று சொன்ன ஆறு பேரில் மாப்பிள்ளை இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். எடுத்துக்கொண்ட பத்துப் பேரில் இருக்கிறாரா என்றார். இரண்டையும் வாங்கிக்கொண்டான் என்றேன். அதற்கு அவர், "எங்க மில்லுல அந்தப் பக்கம் போனவன் பேரு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. மூஞ்சி மறந்து போச்சு" என்றார். நிச்சயத்துக்குத் தேதி இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுக்கலாம் என்றார். கோபமா, பயமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கவிநிலா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த மாசம் பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு விசாரணை. நான் போகிறேன். மாமாவும் லீவு போட்டு வருகிறார். பொட்டலத்தின் மேல் பெயர் எழுதியது நான், அனுப்பியது நான், இது அட்டை என்று சொல்வேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அடுத்ததாக, பெயர்களை உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்பார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பொய் சொல்ல மாட்டேன், தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னால் உன் ஆர்டர் நிற்காது. எனக்குத் தெரியும்.

ஆனால் அது என் வாயிலிருந்து வந்தால், அக்கா தம்பியைக் காட்டிக் கொடுத்ததாக ஆகும். உன் வாயிலிருந்து வந்தால் அது வேறு. ரபீக்கும் அதைத்தான் கேட்க வந்தான் என்று நினைக்கிறேன், கேட்காமல் போய்விட்டான்.

அதனால் ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. பெயர்களைக் கொடுத்தது யார் என்று அன்றைக்கு நான் சொல்லட்டுமா, நீ வந்து சொல்கிறாயா? வருகிற திங்கட்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி இது கிடைத்த அன்றே தபாலில் போடு.

உன் அக்கா,
திரௌபதி